நாழிகை வழி

சென்ற ஆவணியில் வலது கண்ணுக்குப் புரை அறுவை செய்துகொண்டேன். பார்க்க வந்த மகன் முதல் காரியமாக என் மொபெட்டின் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “போதும்ப்பா, எழுபத்தஞ்சு வயசாச்சு” என்றான். எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒரு மாதத்தில் ஒன்று புரிந்தது. வண்டி இல்லாமலும் என் பிழைப்பு ஓடுகிறது. காய்கறி, பால், தபால், வங்கி, மருந்து எல்லாம் நடந்தே ஆகிறது. எப்படி ஆகிறது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் சென்னையில் கட்டடக்கலை படிக்கும் பேத்தி போன் செய்தாள்.

“தாத்தா, ஒரு பிரெஞ்சுக் கட்டுரை அனுப்புறேன். அர்த்தம் சொல்லுங்க.”

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பிரெஞ்சுக் கதை தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா திருவாடானைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புதுச்சேரிக்கு மில் வேலைக்குப் போனவர். நான் அங்கே பிறந்து பிரெஞ்சு வழியில் ‘ப்ரெவே’ வரை படித்தேன். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா காலமானதும் அப்பத்தா வீட்டுக்கே திரும்பி வந்தோம். என் ப்ரெவே சான்றிதழ் எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று ஒப்புக்கொள்ள வைக்க நான் எழுதிய மனுக்களைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். ஒருவழியாக வருவாய்த் துறையில் எழுத்தர் வேலை கிடைத்தது.

பேத்தி அனுப்பிய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘கால் மணி நேர நகரம்’. கொலம்பியாவில் பிறந்து பிரான்சில் குடியேறிய கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியர் 2016-இல் முன்வைத்த யோசனை அது. குடியிருப்பு, வேலை, கடை கண்ணி, வைத்தியம், படிப்பு, பொழுதுபோக்கு என்ற ஆறும் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் நடந்தோ சைக்கிளிலோ கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாரிஸ் மேயராக இருந்த ஆன் இதால்கோ 2020 தேர்தலில் இதையே வாக்குறுதியாக வைத்து மறுபடியும் வென்றார். பிறகு உலகமெங்கும் பேச்சாகிவிட்டது.

படித்து முடித்ததும் எனக்கு அப்பத்தாவின் ஞாபகம் வந்தது. அவர் கிலோமீட்டர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்தில் என்றால் ‘கூப்பிடு தூரம்’. கொஞ்சம் தள்ளி என்றால் ‘ஒரு நாழிகை வழி’. அதற்கும் மேல் என்றால் காதம். ஒரு நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம். சாதாரண நடையில் அதற்குள் இரண்டு கிலோமீட்டர் போகலாம். தூரத்தை நேரத்தால் அளக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அளவுகோல் மனிதனுடைய கால். மொரேனோவின் கால் மணி நேரத்தை விட ஒன்பது நிமிடம் தாராளமாகவே நாம் கொடுத்திருக்கிறோம்!

இதைப் பேத்தியிடம் சொன்னேன். “அப்ப நம்ம ஊரைப் பத்தியே எழுதிக் கொடுங்க தாத்தா” என்றாள். எழுத உட்கார்ந்தேன்.

திருவாடானைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஆதிரத்தினேசுவரர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் வெகு தூரத்திலேயே கண்ணில் படும். சம்பந்தர் பாடிய தலம். ஊர் அந்தக் கோயிலைச் சுற்றி வளர்ந்தது. நம் பழைய கோயில் ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான்: நடுவில் கோயில், பக்கத்தில் குளம், சுற்றிலும் தேர் ஓடும் வீதிகள், வீதியிலிருந்து பிரியும் சந்துகள், ஊருக்கு வெளியே கண்மாய். மதுரையில் இது பெரிய அளவில் இருக்கிறது. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றை ஒன்று சுற்றி வரும். இவற்றுக்கு நடுவே வளையல்காரத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு என்று தொழிலின் பெயரில் தெருக்கள். எழுத்தராக இருந்தவனுக்கு எழுத்தாணிக்காரத் தெரு மேல் தனிப் பிரியம். வீடும் பட்டறையும் கடையும் ஒரே தெருவில் இருந்ததால் வேலைக்குப் போவது என்றால் உள்ளறையிலிருந்து திண்ணைக்கு வருவதுதான்.

தேர் வீதிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தேர் அகலமானது, திருப்பக் கடினமானது. வருஷத்துக்கு ஒருமுறை அது வந்தே தீரும். ஆகவே திண்ணையை ஓர் அடி முன்னால் இழுத்துக் கட்டலாம் என்று யாருக்காவது ஆசை வந்தாலும் தேரை நினைத்துப் பயந்தார்கள். நான் பார்த்த வரையில் ஆக்கிரமிப்பு அகற்றும் அதிகாரிகளிலேயே கண்டிப்பானவர் தேர்தான். அவருக்கு மாற்றலும் கிடையாது, சிபாரிசும் செல்லாது.

புதுச்சேரியிலும் இதே சௌகரியத்தை வேறு வடிவில் அனுபவித்திருக்கிறேன். அங்கே தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேர்நேராக இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் போட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டம்தான் அதற்கு அடிப்படை. தமிழர் பகுதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவை ஒட்டித் தாழ்வாரமும் திண்ணையும் இருக்கும். சித்திரை வெயிலிலும் ஒரு தாழ்வாரத்திலிருந்து அடுத்த தாழ்வாரத்துக்கு நிழலிலேயே போய் பெரிய மார்க்கெட்டை அடைந்துவிடலாம். அம்மா என்னைக் கூடையோடு அனுப்பும்போது சொல்வது “நெழலோரமாப் போடா” என்பதுதான்.

நம் ஊர்களின் இந்த அருமையை முதலில் உரக்கச் சொன்ன வெளிநாட்டுக்காரர் பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நகரமைப்பு என்ற துறையின் முன்னோடிகளில் ஒருவர். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு 1914-இல் அவரை அழைத்தார். கெடஸ் கப்பலில் புறப்பட்டார். அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நகரக் கண்காட்சிப் படங்களும் வரைபடங்களும் ‘கிளான் கிராண்ட்’ என்ற வேறொரு கப்பலில் வந்தன. சென்னையில் குண்டு போட்ட எம்டனை நமக்குத் தெரியும். அதே எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது! மனிதர் தளரவில்லை. நண்பர்களிடமிருந்து மறுபடியும் படங்களை வரவழைத்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார்.

பிறகு சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அந்நாளில் ஊரைச் சீர்திருத்துவது என்றால் நெரிசலான பகுதியை இடித்துவிட்டு நடுவில் நேர் ரோடு போடுவது. கெடஸ் அதை எதிர்த்தார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு அப்படியொரு திட்டம் வந்தபோது, ஆளில்லாமல் இடிந்து கிடக்கும் சில வீடுகளை மட்டும் அகற்றி, அங்கே சிறிய திறந்தவெளியும் மரமும் வைத்தால் போதும், மிகக் குறைந்த செலவில் வேலை முடியும் என்று காட்டினார். கத்தி படவேண்டிய இடத்தில் மட்டும் படவேண்டும் என்பது அவர் கொள்கை. என் கண் டாக்டரும் அதைத்தான் சொன்னார். கெடஸ் கடைசிக் காலத்தில் பிரான்சின் மோன்பெலியே நகரில் குடியேறி 1932-இல் அங்கேயே காலமானார்.

இவ்வளவும் எழுதி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. என்னோடு நீண்ட காலம் ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தினமும் மாலை வருவார். அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“நல்லா இருக்கு சார். ஆனா நீங்க இவ்வளவு புகழ்ற மாதிரி தெருவுல எங்க தாத்தாவால நடக்க முடிஞ்சிருக்குமான்னு யோசிச்சீங்களா? எங்க தெருவிலிருந்து கோயில் அரை நாழிகை வழிதான். அவர் உள்ளே போய்ப் பார்க்காமலே செத்துப்போனார்.”

நான் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒரே மேஜையில் கோப்பு எழுதியிருக்கிறோம். கட்டுரை எழுதும்போது அவர் தாத்தா என் நினைவுக்கு வரவே இல்லை. எழுதியதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு மீண்டும் படிக்க உட்கார்ந்தேன். இனி வருவது அதற்குப் பிறகு எழுதியது.

பொதுத் தெருவில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது நம் மாகாணத்தில் தீர்மானம் போட்டு வாங்கவேண்டிய விஷயமாக இருந்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுத் தெரு, கிணறு, குளம், அலுவலகம், சந்தை எதிலும் தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். அது நிறைவேறி அரசாணையாகவும் வெளிவந்தது. அரசாணை வேறு, அமல் வேறு என்பது எழுத்தருக்குத் தெரியாததா? ஆறு வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மேல்சாதியார் சிலர் கூடி ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்று: வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது.

இந்த வரியைப் படித்தபின் என் தாழ்வாரத்து நிழலைப் பற்றிய பெருமை குறைந்துவிட்டது. கடை பத்து நிமிட நடையில் இருந்து என்ன? செருப்பில்லாமல் சித்திரை வெயிலில் சுற்றி வளைத்துப் போகச் சொன்னால் அது பத்து நிமிடமா?

அதே மாவட்டத்தில் அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். அப்போது பஸ்களிலும் தாழ்த்தப்பட்டோரை ஏற்றுவதில்லை. பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். சென்னை தியாகராய நகரில் உள்ள சௌந்தரபாண்டியனார் அங்காடி இவர் பெயரில்தான் இருக்கிறது. பாண்டி பஜார் என்றால் பேத்திக்குத் தெரியும். இப்போது அகலமான நடைபாதை போட்டு அழகாக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் கொடுத்தவர் எங்கள் மாவட்டத்தில் யார் யாருக்கு வழி திறந்துவிட்டார் என்பதை அங்கே நடப்பவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்?

அடுத்தது காமராஜர். விருதுநகர் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1954 முதல் 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்தபோது, ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பதை இலக்காக வைத்தார்கள். ஒரு மைல் என்றால் பிள்ளை நடையில் ஒரு நாழிகை வழி. ஊரின் அமைப்பில் தானாக அமைந்திருந்த ஒன்று அரசாங்கத்தின் கடமையானது அப்போதுதான். தானாக அமைந்தது சிலருக்கு மட்டும் கிடைத்தது. கடமை என்று எழுதப்பட்டதை எல்லோரும் கேட்டு வாங்கலாம். இன்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்று இருக்கிறது. என் நண்பர் படித்ததும் காமராஜர் காலத்தில் திறந்த ஓராசிரியர் பள்ளி ஒன்றில்தான். அவர் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்தது. அலுவலகம் வரவில்லை. இதை என் அனுபவத்திலிருந்தே சொல்லலாம்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களைப் படுத்திய பாடங்களில் ஒன்று பிரான்சின் மாவட்டங்களையும் அவற்றின் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்வது. கங்கையையும் காவிரியையும் பற்றித் தெரியாத வயதில் எனக்கு அதெல்லாம் அத்துப்படி. புரட்சிக்குப் பின் 1790-இல் நாட்டை 83 மாவட்டங்களாகப் பிரித்தபோது ஒரு விதியை மனதில் வைத்தார்களாம்: மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் குடிமகன் ஒருவன் குதிரையில் ஒரு நாளில் தலைநகரை அடையவேண்டும். வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. திருவாடானையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

இராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் உருவானது. ஆனால் அதன் கலெக்டர் அலுவலகம் இருந்தது மாவட்டத்துக்கு வெளியே, மதுரையில்! எழுபத்தைந்து வருஷம் அப்படியே நடந்தது. திருவாடானையிலிருந்து மதுரை சுமார் நூறு கிலோமீட்டர். கடலோரக் கிராமத்திலிருந்து ஒருவர் கலெக்டரிடம் மனு கொடுக்கவேண்டுமென்றால், விடிவதற்கு முன் மெயின் ரோட்டுக்கு நடந்து, இரண்டு பஸ் மாறிப் போய், திரும்ப நள்ளிரவாகும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் மதுரையில் பஸ் ஸ்டாண்டிலேயே படுக்கை. போகவர பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி நஷ்டம், சாப்பாட்டுச் செலவு. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு கிழவி, “மதுரைக்குப் போகணுமா? அப்ப வேண்டாம் சாமி” என்று மனுவை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவருடைய கோரிக்கை நியாயமானதா என்று பார்க்கும் இடத்துக்கே அது போகவில்லை. தூரமே அதைத் தள்ளுபடி செய்துவிட்டது.

இதைச் சமாளிக்கத்தான் ஜமாபந்தி என்ற ஏற்பாடு வெகுகாலமாக இருந்துவருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை, பசலி முடியும் சமயத்தில், மேலதிகாரி தாலுகாவுக்கு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கிராமத்தின் கணக்கையும் பார்த்து மனுக்களையும் வாங்குவார். அந்த நாட்களில் தாலுகா அலுவலக வாசலில் திருவிழாக் கூட்டம் இருக்கும். ஜனங்கள் போகமுடியாத இடத்துக்கு அதிகாரி வருவது என்ற யோசனை நல்ல யோசனைதான். மற்ற நாட்களில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

1985 மார்ச் 15 அன்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாயின. எங்கள் கலெக்டர் இராமநாதபுரத்துக்கு வந்தார். நூறு கிலோமீட்டர் பாதியானது. குதிரையில் போனாலும் ஒரு நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம்!

இப்போது என்ன நிலை? என் வீட்டிலிருந்து ரேஷன் கடை ஆறு நிமிடம், தபால் அலுவலகம் ஒன்பது, மருந்துக் கடை பத்து, வங்கி பன்னிரண்டு. நாழிகைக்குள் எல்லாம் அடங்குகிறது. ஆனால் நடுவில் மதுரை–தொண்டி நெடுஞ்சாலை. அதைக் கடக்க நிற்கும் நேரத்தை நான் சேர்க்கவில்லை. அறுவைக்கு முன் வண்டியில் போனபோது அந்தச் சாலை எனக்கு வசதியாக இருந்தது. இன்று அதே சாலை எதிரே நிற்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடைவெளி பார்த்து நிற்கும் வயோதிகர்களில் நானும் ஒருவன்.

ஊருக்கு வெளியே புதிது புதிதாக ‘நகர்’கள் முளைக்கின்றன. நேரான கப்பி ரோடு, வரிசையாகக் கல் ஊன்றிய மனைகள், வாசலில் வண்ண வளைவு. வீடு கட்டக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டிக்கடைக்கோ அங்கன்வாடிக்கோ கணக்கில்லை. அங்கே குடிபோன என் உறவுக்காரப் பெண், கறிவேப்பிலை தீர்ந்தாலும் கணவர் மோட்டார் சைக்கிளில் வரும் வரை காத்திருக்கிறாள். அவள் மாமியார் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். புது வீட்டில் எல்லா வசதியும் இருக்கிறது என்றுதான் இரண்டு பேரும் சொல்கிறார்கள்.

பேத்திக்கு நான் கடைசியில் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். அம்மா, நீ ஊர் வரையும்போது கோயில் ஊரின் வடிவத்தைப் பார். ஆனால் வடிவத்தோடு நிற்காதே. மூன்று கேள்வி கேள். எவ்வளவு தூரம்? யாரையெல்லாம் அங்கே வர விடுகிறார்கள்? வண்டி இல்லாத கிழவியும் பிள்ளையும் பயமில்லாமல் போக வழி இருக்கிறதா? முதல் கேள்விக்குத்தான் மொரேனோவின் கடிகாரமும் என் அப்பத்தாவின் நாழிகையும் பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் யாராவது தீர்மானம் போட வேண்டும், உத்தரவு போட வேண்டும், பிறகு அது அமலாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நேற்று ஓய்வூதியர் நேர்காணலுக்காகச் சார்நிலைக் கருவூலத்துக்குப் போகவேண்டியிருந்தது. நண்பரும் வந்தார். இருவருக்கும் ஒரே மாதம். வெயில் கடுமை. அவர் தம்முடைய பெரிய கறுப்புக் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார். காலில் மகன் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. நெடுஞ்சாலையைக் கடக்க மட்டும் ஐந்து நிமிடம் நின்றோம். ஆக மொத்தம் போக ஒரு நாழிகை, வர ஒரு நாழிகை.